'அவ்வை சண்முகி'யும் மறுமணக் குடும்பமும்: சிரிக்க வைத்த கதைக்குள் இருக்கும் சமூகவியல்

டிவியில் எத்தனை தடவை போட்டாலும் சேனலை மாற்ற மனசு வராத படங்களில் 'அவ்வை சண்முகி'க்கு எப்போதும் இடம் உண்டு. 1996 தீபாவளிக்கு வந்த படம். இயக்கம் கே.எஸ்.ரவிகுமார், வசனம் கிரேஸி மோகன். மடிசார் கட்டிய மாமியாக கமல்ஹாசன் வந்து நிற்பதும், ஜெமினி கணேசன் அந்த மாமி மேல் ஆசைப்படுவதும்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும்.

ஆனால் சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இது விவாகரத்து ஆன ஒரு வீட்டின் கதை. குழந்தை யாரிடம் இருக்கும்? வீட்டை விட்டுப் போன அப்பா இன்னும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தரா? மறுபடி ஒரு கல்யாணம் நடந்தால் யார் யாருக்கு என்ன உறவு? குடும்பச் சமூகவியல் பல வருடங்களாக ஆராயும் கேள்விகள் இவை. படத்தை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கதை என்ன?

சினிமாவில் நடன உதவியாளராக இருக்கும் பாண்டியன் (கமல்ஹாசன்), பணக்கார விஸ்வநாத ஐயரின் (ஜெமினி கணேசன்) மகள் ஜானகியை (மீனா) காதலித்துக் கல்யாணம் செய்கிறார். சாதி வேறு, வசதியும் வேறு. பணக் கஷ்டத்தில் தொடங்கும் சண்டை விவாகரத்தில் முடிகிறது. மகள் பாரதி அம்மாவிடம் போகிறாள். மகளைப் பார்க்காமல் இருக்க முடியாத பாண்டியன், மேக்கப் கலைஞர் ஜோசப் (நாகேஷ்) உதவியோடு சண்முகி மாமியாக மாறி, மாமனார் வீட்டிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்கிறார்.

மூலம் 1993ல் வந்த ஹாலிவுட் படமான 'மிஸஸ் டவுட்ஃபயர்'. அதற்கும் மூலம் ஆன் ஃபைன் எழுதிய நாவல். தமிழில் வந்தபோது பெயர் உள்ளூர்ப் பெயராகிவிட்டது. மேடையில் அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்றவர் நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம். அதனால் 'அவ்வை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். பழைய லாயிட்ஸ் ரோடு இன்று அவர் பெயரில் அவ்வை சண்முகம் சாலையாக இருக்கிறது. ஆண் கலைஞர் ஏற்ற பெண் வேடம் என்பது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

வீடு வேறு, குடும்பம் வேறு

பேச்சு வழக்கில் 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா' என்று கேட்டால் குடும்பத்தில் எல்லாரும் நலமா என்றுதான் அர்த்தம். சமூகவியல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு இல்லம். ரத்தம், திருமணம், தத்து மூலம் உறவு கொண்டவர்கள் குடும்பம். இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ.எம்.ஷா இந்த வேறுபாட்டை விடாமல் வலியுறுத்தியவர். கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் உடைந்திருப்பது இல்லம்தான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பாரதிக்கு நடந்ததும் இதுதான். அவளுடைய இல்லம் தாத்தா வீடு. அவளுடைய குடும்பமோ இரண்டு வீடுகளில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் ஆரன்ஸ் 1970களின் இறுதியில் இதற்கு 'இருமையக் குடும்பம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். விவாகரத்து கணவன், மனைவி என்ற உறவை முடிக்கிறது. அப்பா, அம்மா என்ற உறவை முடிப்பதில்லை. குழந்தைக்கு அது இரண்டு மையங்கள் கொண்ட ஒரே குடும்பம்.

அடையாறில் அம்மா, தி.நகரில் அப்பா என்று வார நாளுக்கு ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடு என வளரும் குழந்தைக்கு இது புத்தகக் கருத்து இல்லை. யூனிஃபார்ம் எந்த வீட்டில் இருக்கிறது, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து போடுவது யார் என்பதில் தொடங்கும் அன்றாட விஷயம்.

உள்ளே யார், வெளியே யார்?

குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ் முன்வைத்த முக்கியமான கருத்து 'எல்லைக் குழப்பம்'. ஒரு குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதே தெளிவாக இல்லாத நிலை. ஒருவர் உடலால் அங்கே இல்லாமல் மனதால் இருக்கலாம். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளில் பாஸ் இதைப் பார்த்தார். வேறு சிலர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் இல்லாதவர் மாதிரி இருக்கலாம். மறதி நோய் வந்தவர்களின் வீடுகளில் அது நடக்கிறது.

பாண்டியன் இந்த இரண்டு நிலையையும் கடக்கிறார். படத்தின் முதல் பாதியில் உடலால் வெளியே, பாசத்தால் உள்ளே. சண்முகியாக வந்தபிறகு உடல் உள்ளே வந்துவிட்டது, ஆனால் அப்பா என்ற ஆள் அங்கே இல்லை. மகளுக்குச் சோறு ஊட்டலாம், தூங்க வைக்கலாம், அப்பா என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. நாம் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சிகளின் அடியில் இருப்பது இந்தச் சிக்கல்தான்.

அந்த வீட்டு எல்லைக்கு இன்னொரு காவலும் உண்டு. சாதி. சமையலறைக்குள் நுழைய பாண்டியன் மாமியாக வேண்டியிருக்கிறது. நாசர் நடித்த பாஷா பாய் அதே வீட்டில் வாய் பேசாத பிராமணச் சமையல்காரராக நடித்துத்தான் வேலை பார்க்கிறார். மனிதர்கள் அன்றாடம் பிறர் முன் ஒரு பாத்திரத்தை நடிக்கிறார்கள், அதற்கு ஒரு முன்மேடையும் பின்மேடையும் உண்டு என்றார் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். அவருடைய கருத்தை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். யார் குடும்பத்தில் ஒருத்தர் என்பதற்கு முன்னால், யார் வீட்டுக்குள் வரலாம் என்பதையே சாதி முடிவு செய்கிறது.

'மாமி'க்குச் சம்பளம் உண்டு, பாசத்துக்கு?

சண்முகி சம்பளத்துக்கு வந்தவர். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் 'மாமி'. ரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவரை உறவுப் பெயர் சொல்லி அழைப்பதை மானுடவியலில் 'பாவனை உறவு' என்பார்கள். வேலைக்கு வரும் பெண்ணை அக்கா என்றும், குழந்தை பார்த்துக்கொள்பவரை ஆயா என்றும், பக்கத்து ஃப்ளாட்காரரை மாமா என்றும் கூப்பிடும் சென்னையில் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு சிக்கலும் இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983ல் வெளியான தன் புத்தகத்தில் 'உணர்வு உழைப்பு' பற்றி எழுதினார். முகத்தில் சிரிப்பையும் குரலில் கனிவையும் வேலையின் ஒரு பகுதியாகத் தர வேண்டியிருப்பதே அது. விமானப் பணிப்பெண்களை வைத்து அவர் சொன்னது குழந்தை பராமரிப்புக்கும் பொருந்தும். உறவுப் பெயர் வந்தவுடன் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 'நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான்' என்று சொல்லப்படுபவருக்கு வார விடுமுறை உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

படத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. கணவனாக இருந்தபோது பாண்டியன் செய்யாத வீட்டு வேலையெல்லாம் சண்முகியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்பா செய்தால் 'உதவி', அம்மா செய்தால் 'கடமை', ஆயா செய்தால் 'வேலை'. ஒரே செயலுக்கு மூன்று பெயர்.

அப்பாவே பாட்டி ஆனால்?

படத்தின் உச்சக் காமெடி, ஐயருக்கு சண்முகி மேல் வரும் காதல். வீட்டு ஓனர் முதலியாரும் (மணிவண்ணன்) போட்டிக்கு நிற்கிறார். ஐயர் நினைத்தபடி கல்யாணம் நடந்திருந்தால் ஜானகிக்குச் சித்தி வந்திருப்பார், அந்தச் சித்தி அவருடைய முன்னாள் கணவர். பாரதிக்கு அவளுடைய அப்பாவே பாட்டி.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் வேஷத்தை எடுத்துவிட்டால், மறுமணம் நடந்த எந்த வீட்டிலும் குழந்தை முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: 'இவங்களை நான் என்னன்னு கூப்பிடணும்?'

அமெரிக்க சமூகவியலாளர் ஆண்ட்ரூ செர்லின் 1978ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றுவரை பேசப்படுகிறது. மறுமணம் என்பது 'முழுமையடையாத நிறுவனம்' என்றார் அவர். முதல் திருமணத்துக்குச் சமூகம் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறது. உறவுப் பெயர்கள், சடங்குகள், சட்டம், யார் யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற வழக்கம். மறுமணக் குடும்பத்துக்கு இவை எதுவும் முழுதாக இல்லை. அதனால் வேறு வீடுகளில் யோசிக்கவே தேவையில்லாத விஷயங்களை இந்த வீடுகள் தாங்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே வரும் மனஸ்தாபத்துக்கு ஆட்களின் குணம் மட்டும் காரணம் இல்லை, வழிகாட்ட வழக்கம் இல்லாததும் காரணம் என்பதே செர்லின் சொன்ன செய்தி.

சொல் இருக்கிறது, பாதிதான்

இந்த விஷயத்தில் தமிழ் கொஞ்சம் வித்தியாசமானது. அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. திராவிட உறவுமுறையில் அம்மாவின் சகோதரி இன்னொரு அம்மா, அப்பாவின் சகோதரர் இன்னொரு அப்பா. மனைவி இறந்தால் அவர் தங்கையையே மணம் செய்துவைக்கும் வழக்கம் இருந்த வீடுகளில், குழந்தைகளுக்குக் கூப்பிடும் முறை மாற வேண்டிய அவசியமே வரவில்லை. நேற்றுவரை சித்தி, இன்றும் சித்தி.

அம்மாவின் இரண்டாவது கணவருக்கு? 'மாற்றாந்தந்தை' என்று எழுதலாம், அப்படிக் கூப்பிடும் குழந்தை கிடையாது. சித்தப்பா, அங்கிள், அப்பா என்று ஒவ்வொரு வீடும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்வது காலங்காலமாக நடந்தது. கணவனை இழந்த பெண்ணுக்கோ 1856ல் சட்டம் அனுமதி தந்தபிறகும் பல சாதிகளில் வழக்கம் அனுமதிக்கவில்லை. ஒரு உறவுக்குப் பழகிய சொல் இருப்பதும் இன்னொன்றுக்கு இல்லாமல் போனதும் இந்த ஏற்றத்தாழ்வின் சுவடு.

இருக்கிற சொல்லும் நல்ல பெயரோடு இல்லை. மத்திய அரசு நிதி ஒதுக்கவில்லை என்றால் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று தலைவர்கள் அறிக்கை விடுவதை செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். பாரபட்சத்துக்கே அந்த உறவின் பெயரை வைத்துவிட்டோம். இதற்கு மாறாக, பத்மினி நடித்த 'சித்தி' (1966) போன்ற படங்கள் தியாகமே உருவான சித்தியைக் காட்டின. கொடுமைக்காரி, இல்லையென்றால் தெய்வம். நடுவில் இருக்கும், காலையில் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகும் சாதாரண சித்திக்குக் கதைகளில் இடம் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

சொல்லில் இருக்கும் அதே அரைகுறை நிலை சட்டத்திலும் இருக்கிறது. இந்துக்களுக்கான சட்டங்களையும் சில பொதுச் சட்டங்களையும் மட்டும் பார்த்தாலே தெரியும்.

* பாதுகாவலர்: 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6வது பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் என்று வரும் இடத்தில் 'தந்தை', 'தாய்' என்ற சொற்கள் மாற்றுத் தந்தையையும் மாற்றுத் தாயையும் குறிக்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தினமும் ஸ்கூலில் விடுபவர் அவராகவே இருந்தாலும் இதுதான் நிலை.

* சொத்து: மாற்றாந்தாயின் சொத்தில் 'மகன்' என்ற முறையில் கணவரின் முதல் தாரத்து மகனுக்குப் பங்கில்லை என்று 1987ல் லக்ஷ்மண் சிங் - கிர்பா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் கணவரின் வாரிசு என்ற வரிசையில்தான் வர முடியும். மாற்றுத் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மனைவியின் முந்தைய திருமணத்துக் குழந்தை அவருடைய முதல் நிலை வாரிசு ஆகாது.

* ஜீவனாம்சம்: 'அவ்வை சண்முகி' வந்த அதே 1996ல் கீர்த்திகாந்த் வடோதரியா வழக்கில், சொந்தக் குழந்தை இல்லாத மாற்றாந்தாய், விதவையாக இருந்தாலோ, கணவரால் பராமரிக்க முடியாத நிலை இருந்தாலோ, கணவரின் மகனிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, 'பெற்றோர்' என்பதில் மாற்றுத் தந்தையையும் தாயையும் சேர்த்தே சொல்கிறது.

* பெயர்: மறுமணம் செய்த தாய், குழந்தைக்குப் புதிய கணவரின் குடும்பப் பெயரை வைக்கலாம் என்று 2022ல் அகெல்லா லலிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆவணங்களில் அவரை 'மாற்றுத் தந்தை' என்று குறிப்பிடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் கடுமையாக விமர்சித்தது.

* தத்து: சட்டப்படி முழு உறவு வேண்டுமென்றால் மாற்றுப் பெற்றோர் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும். அதற்கான நடைமுறை 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மற்ற பெற்றோரின் சம்மதம் இதில் முக்கியமான கட்டம்.

மொத்தமாகப் பார்த்தால், வயதானபின் 'நீ என் பிள்ளை' என்று கேட்க மாற்றுப் பெற்றோருக்கு ஒரு சட்டம் கைகொடுக்கிறது. 'நீங்க என் அப்பா' என்று குழந்தை சொத்தில் பங்கு கேட்க, தத்தோ உயிலோ இல்லாமல் வழியில்லை. மறுமணம் செய்பவர்கள் கல்யாண மண்டபம் தேடும் அதே சமயத்தில் ஒரு வக்கீலையும் பார்ப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

க்ளைமாக்ஸ் ஏன் மாறியது?

'மிஸஸ் டவுட்ஃபயர்' முடிவில் கணவனும் மனைவியும் சேர்வதில்லை. பிரிந்தவர்கள் பிரிந்தவர்களாகவே, குழந்தைகளை அப்பா தினமும் பார்க்கும் ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். அம்மாவின் புது நண்பராக பியர்ஸ் பிராஸ்னன் நடித்த பாத்திரமும் வில்லன் கிடையாது. குழந்தைகளிடம் அன்பாக இருக்கும் மனிதர். குடும்பங்கள் பலவிதம், அன்பு இருந்தால் எல்லாமே குடும்பம்தான் என்று சொல்லி முடிகிறது படம்.

'அவ்வை சண்முகி'யில் பாண்டியனும் ஜானகியும் சேர்ந்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் கமல்ஹாசனே இயக்கிய இந்தி வடிவமான 'சாச்சி 420'யிலும் அதேதான். 1965ல் ஏவிஎம் தயாரிப்பில் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டைக் குழந்தைகள் பிரிந்த பெற்றோரைச் சேர்த்துவைத்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். நம்ம காமெடிகளில் மறுமணக் குடும்பம் வாசல்வரை வரும், சிரிக்க வைக்கும், உள்ளே வராமல் திரும்பிவிடும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. வஸந்த் இயக்கிய 'ரிதம்' (2000) படத்தில் துணையை இழந்த இருவர், ஒரு குழந்தையோடு, மெதுவாக ஒரு குடும்பமாகிறார்கள். அதிலும் நாயகி மீனாதான். ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. 'ரிதம்' கதையில் இருவரின் துணையும் இறந்துவிட்டார்கள். மரணத்துக்குப் பிந்தைய மறுமணத்தை நம் கதைகள் ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. முன்னாள் கணவர் உயிரோடு, அதே ஊரில், அடுத்த ஏரியாவில் இருக்கும் மறுமணம்தான் கதாசிரியர்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது. செர்லினும் விவாகரத்துக்குப் பின் வரும் மறுமணத்தைத்தான் அதிகச் சிக்கலானது என்றார். இறந்தவரின் இடம் காலியாகிறது, பிரிந்தவரின் இடம் காலியாவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

மறுமணக் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்நவ், இந்த வீடுகள் ஒட்டி வரப் பல வருடங்கள் ஆகும் என்கிறார். தாலி கட்டிய அன்றே பாசம் வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் முதல் பிரச்சினை. புதிதாக வந்தவர் 'வெளியாள்' போல உணர்வதும், நடுவில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ இரண்டு பக்கமும் இழுபடுவதும் அங்கே இயல்பு. கண்டிக்கும் வேலையை ஆரம்பத்தில் சொந்தப் பெற்றோரிடமே விட்டுவிட்டு, புதிதாக வந்தவர் முதலில் குழந்தையோடு பழக வேண்டும் என்பது அவர் தரும் நடைமுறை யோசனை.

நம்ம ஊரில் இதோடு இன்னும் சில கேள்விகள் சேரும். ஸ்கூல் படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில் யார் பெயர்? பிற்காலத்தில் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர், மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பது யார்? பெற்ற அப்பா வந்தால் எந்த வரிசையில் உட்கார வைப்பது? இவற்றுக்குப் பெரியவர்களிடம் தயாராகப் பதில் இல்லை. அதனால் பதில் சொல்லும் சுமை பல நேரம் அந்தப் பிள்ளை மேலேயே விழுகிறது. 'ரெண்டு பேர்ல உனக்கு யாரு முக்கியம்' என்று உறவுக்காரர்கள் கேட்பதும் அப்போதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது, சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் எல்லாரும் இன்றே செய்யக்கூடிய ஒன்று.